பாலாற்றங்கரையில் மணி இரண்டு

சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 48இல் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அதன் நடுப்பகுதியில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தோல் ஊர்கள் வரிசையாக வருகின்றன. இரவு பத்து மணிக்குச் சென்னையில் கிளம்பும் லாரி இந்த ஊர்களைத் தொடும்போது மணி ஒன்று, இரண்டு, மூன்று. பெங்களூரில் பதினொரு மணிக்குக் கிளம்பும் பேருந்தும் எதிர்ப்பக்கத்தில் அதே நேரத்துக்குத்தான் இங்கே வந்து சேரும். மனித உடம்பு விழித்திருக்க விரும்பாத நேரம் அது. இரு பெருநகரங்களும் தங்கள் தூக்கத்தை மிச்சம் பிடித்து அனுப்பும் வண்டிகளெல்லாம் கண் சொருகும் வேளையில் இந்த நாலைந்து ஊர்களின் வாசலில் வந்து நிற்கின்றன.

அந்த நேரத்தை அந்தச் சாலையிலேயே இருந்து பார்க்க வேண்டும் என்று, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்குக் காலிப் பெட்டி ஏற்றிப்போகும் டிரெய்லரில் இடம் கேட்டு ஏறிக்கொண்டேன். கன்டெய்னரை ஓட்டுநர்கள் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டுபவர் குடியாத்தத்துக்காரர், ஐம்பதைத் தொடும் வயது. முந்தைய லோடை இறக்கத் துறைமுக வரிசையில் பகல் முழுக்க வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பிறகு யார்டில் காலிப் பெட்டியை ஏற்றி, கனரக வண்டிகளை நகரத்துக்குள் விடும் நேரம் வரை காத்திருந்து கிளம்பியவர்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்கண்ணே?"

"அஞ்சு இருக்கும் சார்."

ஆம்பூர் போய்ச் சேரும்போது அவர் கண் விழித்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். பேட்டா டிரிப்புக்குத்தான். வரிசையில் நின்ற பகலுக்குக் கணக்கு கிடையாது. அந்தப் பகல் ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை. முன்வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும் என்பதால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கண்ணை மூட முடியாது.

இருபத்திரண்டு மணி நேரம் என்றால் என்ன என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையின் முடிவு 1997இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் ஏறியவருடையதைப் போலத் தடுமாறின. இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டு மது தொடாத மனிதர், தூங்கவில்லை என்ற ஒரே காரணத்தால், சட்டம் குற்றம் என்று சொல்லும் நிலையைத் தாண்டிப் போயிருப்பார். ஊதச் சொல்லிப் பார்த்தால் கருவி பூஜ்யம்தான் காட்டும்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் சாலை நேராகிவிட்டது. எதிர்வண்டியின் வெளிச்சம் மீடியனுக்கு அந்தப்பக்கம் வந்து வந்து போகிறது, எஞ்சின் ஒரே சுருதியில் ஓடுகிறது, காலுக்கடியில் சூடு. 2025இலிருந்து புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று அரசு விதி செய்திருக்கிறது. இவருடைய வண்டி அதற்கெல்லாம் முந்தியது. நல்ல சாலையில்தான் தூக்கம் அதிகம் வரும் என்றார் அவர். பள்ளமும் வளைவும் இருந்த பழைய ரோட்டில் கைக்கு வேலை இருந்ததாம்.

தூக்கம் வருவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"வர்றது தெரியாது சார். வந்துட்டுப் போனப்புறம்தான் தெரியும். இப்ப காவேரிப்பாக்கம் தாண்டினோமா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துதுன்னா, நடுவுல நான் இல்லன்னு அர்த்தம். அப்ப ஓரம் கட்டிடணும்."

ஆய்வு நூல்கள் சொல்வதும் இதுதான். கொட்டாவி, கண் எரிச்சல், கண்ணைக் கசக்குவது, தலை சாய்ந்து திடுக்கிட்டு நிமிர்வது ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். அவற்றுக்கு முன்பே வரும் அடையாளங்கள் உண்டு. காரணமில்லாமல் வேகம் கூடும், குறையும். வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறும். பலகையைப் பார்த்திருப்பீர்கள், ஊர்ப்பெயர் மனதில் ஏறியிருக்காது. கடைசி ஐந்து கிலோமீட்டர் நினைவில் இருக்காது. அந்த இடைவெளியில் மூளை சில விநாடிகள் உறங்கி எழுந்திருக்கிறது, கண் திறந்திருந்தால்கூட. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். நான்கு விநாடி அசந்தால் ஏறக்குறைய 90 மீட்டர் யாருமே ஓட்டாமல் வண்டி போயிருக்கிறது. இப்படி நடக்கும் விபத்துகளில் தார்ச் சாலையில் பிரேக் தேய்ந்த தடம் பெரும்பாலும் இருக்காது. மிதிப்பதற்குக் கால் விழித்திருக்கவில்லை.

வாலாஜா சுங்கச்சாவடிக்கு முன்பாகவே வண்டி ஒதுங்கியது. மணி பன்னிரண்டே முக்கால். அவர் முகத்தில் களைப்பு தெரியவில்லை, ஒரு கொட்டாவிகூட இல்லை. "கண்ணு சொருகினப்புறம் நிறுத்தணும்னு பார்த்தா நிறுத்த மனசு வராது, இன்னும் பத்து கிலோமீட்டர்தானேன்னு தோணும்" என்றார். எதிர்க்கடையில் டீயைக் குடித்தார். செருப்பைக் கழற்றி டயருக்குப் பக்கத்தில் வைத்தார், இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையில் காலை மடக்கிப் படுத்தார், செல்போனில் அலாரம் வைத்து அதைச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேலே போட்டுக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் மூச்சு மாறிவிட்டது.

டீயைக் குடித்துவிட்டுத் தூங்குவதா என்று பலரும் கேட்பார்கள். அதுதான் சரியான முறை. டீயிலும் காபியிலும் இருக்கும் காஃபின் வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தைத் தூங்கிக் கழித்தால், எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்ன், ரெய்னர் இருவரும் 1990களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது இவற்றையும் சோதித்தார்கள். பலன் சில நிமிடங்கள்தான். நம் ஊர் ஓட்டுநர்களின் பீடி, ஹான்ஸ் புகையிலை, பச்சை மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே என்று நினைக்கிறேன். பின்னிரவில் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி முகம் கழுவ வைத்து டீ கொடுத்து அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் உண்டு. நல்ல மனசோடு செய்யும் காரியம். ஆனால் தண்ணீர் தோலைத்தான் எழுப்புகிறது. அதே இடத்தில் இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டுப் போங்கள் என்று சொன்னால் அந்த டீக்கும் பலன் கிடைக்கும்.

அலாரம் அடித்து எழுந்தவர் உடனே சாவியைத் திருகவில்லை. கீழே இறங்கி, ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார். தூங்கி எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் மூளை மந்தமாக இருக்கும், அந்த நேரத்துக்கான வேலை அது.

ராணிப்பேட்டைப் பக்கம் சாலையோரமாக வேலூர் சி.எம்.சி.யின் புதிய வளாகம் விளக்குகளோடு நிற்கிறது. 2022இல் திறந்தது. பெரிய விபத்துச் சிகிச்சை மையம் அங்கே இயங்குகிறது. ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய மருத்துவமனை நூற்று இருபது ஆண்டு கழித்து நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்திருக்கிறது என்றால், இந்தச் சாலை எதை உண்டாக்குகிறது என்று மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சத்துவாச்சாரி, கொணவட்டம், பள்ளிகொண்டா. மணி இரண்டு. மாதனூர் நெருங்கும்போது தோல் ஊருக்கே உரிய வாடை, உப்பும் ஈரமும் சேர்ந்தது, ஜன்னல் வழியே வந்துவிட்டது. சாலை ஓரத்தில் பின்விளக்கில்லாமல் லாரிகள் நின்றன. தூங்குவதற்காக நிறுத்தியவர்கள் அவர்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள், நிறுத்தத் தகுந்த இடம்தான் இல்லை. தூங்கும் வண்டி தூங்கிக்கொண்டே ஓடும் வண்டிக்கு எமனாகிறது. பள்ளிகொண்டாவுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே விளக்கும் கழிப்பறையும் காவலும் உள்ள லாரி நிறுத்தங்கள் இரு பக்கமும் வேண்டும். ஆறு வழிச் சாலைக்குச் சுங்கம் கட்டும் ஓட்டுநர் கேட்கத் தகுந்த குறைந்தபட்சம் இது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆம்பூர். கம்பெனி கேட் ஆறு மணிக்குத்தான் திறக்கும். அவர் வெளியே தூங்கப் போனார்.

விடிந்ததும் கேட் முன்னால் வேன்கள் வந்து நிற்கத் தொடங்கின. பேர்ணாம்பட்டு, மாதனூர், திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். ஆம்பூர் ஷூ தொழிலைத் தாங்குவது அவர்கள் கைகள்தான். பாதிப் பேர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கியபடி வந்து இறங்கினார்கள். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வருபவர்கள் நாலு மணிக்கு எழுந்திருப்பார்கள். வேன் ஓட்டியவரும் அவர்களுக்கு முன்பே எழுந்தவர்தான்.

அங்கிருந்து பேருந்தில் நாட்டறம்பள்ளிக்குப் போனேன். 2023 செப்டம்பர் 11 விடிவதற்கு முன், இந்த ஊருக்குப் பக்கத்தில், தர்மஸ்தலா போய்த் திரும்பிய சுற்றுலா வேன் ஒன்று பஞ்சராகிச் சாலையில் நின்றது. வேனிலிருந்து இறங்கிய பெண்கள் அதற்கு முன்பக்கம் மீடியன் தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோதியது, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. ஏழு பெண்கள் இறந்தார்கள். எல்லோரும் பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஓணாங்குட்டை கிராமத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். இரண்டு மாதம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய நாள், நவம்பர் 11 விடிகாலை, வாணியம்பாடி செட்டியப்பனூரில் பெங்களூரிலிருந்து வந்த அரசு விரைவுப் பேருந்து மீடியனைத் தாண்டிப்போய் எதிரே வந்த ஆம்னி பேருந்தில் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள்.

யார் கண் அசந்தது என்ற தீர்ப்பை விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் விட்டுவிடுகிறேன். நான் நேரத்தைப் பார்க்கிறேன். இரண்டுமே விடியலுக்கு முன். இரண்டுமே இந்த நடுவழி ஊர்களில். செப்டம்பர் 11 ஒரு திங்கள்கிழமை. நம் ஊர்க் கோயில் சுற்றுலாக்கள் எப்படித் திட்டமிடப்படுகின்றன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சனியும் ஞாயிறும் சாமி பார்க்க, இரவுகள் சாலைக்கு. லாட்ஜ் வாடகை மிச்சம், திங்கள்கிழமைச் சம்பளம் போகாது. ஒருநாள் கூலி போய்விடக் கூடாதே என்று ஊரே ஒரு மனிதரின் விழிப்பை நம்பி ஏறி உட்காருகிறது. அந்த மனிதர் பகலில் கோயில் வாசலில் வண்டிக்குள் வெயிலில் படுத்திருப்பார், அதைத் தூக்கம் என்று கணக்கு வைப்பார்கள்.

நாட்டறம்பள்ளிச் சாலையில் நின்றபோது இன்னொன்றும் மனதில் உறைத்தது. வண்டி பழுதானால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது. மீடியன் பாதுகாப்பான இடம் அல்ல. எல்லோரையும் இறக்கி, இடப்பக்க இரும்புத் தடுப்புக்கு வெளியே, முடிந்தால் வண்டிக்குப் பின்பக்கமாகத் தள்ளிப்போய், சர்வீஸ் ரோட்டில் நிறுத்த வேண்டும். பின்னால் வருபவர் தூங்கிக்கொண்டுதான் வருகிறார் என்று வைத்துக்கொண்டே நாம் நடந்துகொள்ள வேண்டும். எந்தச் சுற்றுலா வேனிலும் கிளம்பும் முன் இதை யாரும் சொல்வதில்லை. தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் நசுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. விதிமீறல் பட்டியலில் அதிவேகம் இருக்கிறது, குடி இருக்கிறது, செல்போன் இருக்கிறது, தப்பான பக்கத்தில் ஓட்டுவது இருக்கிறது. தூக்கத்துக்கு வரிசை கிடையாது. அசந்துபோனவர் கால் ஆக்ஸிலேட்டரில்தான் இருக்கும் என்பதால் அதுவும் பெரும்பாலும் அதிவேகத்தில் போய்ச் சேருகிறது என்று நான் எண்ணுகிறேன். கணக்கில் வராததற்கு மருந்து தேட யாருக்கும் தோன்றாது.

பிரிட்டனில் ஒரு வழக்கு இதை நேராகப் பேசியது. 2001 பிப்ரவரி 28 அன்று யார்க்‌ஷயரில் இழுவண்டி பூட்டிய ஜீப் ஒன்று நெடுஞ்சாலையிலிருந்து சரிந்து ரயில் பாதையில் விழுந்தது. அதில் பயணிகள் ரயில் மோதித் தடம் புரண்டு, எதிரே வந்த நிலக்கரி ரயிலோடு மோத, பத்துப் பேர் இறந்தார்கள். ஜீப் ஓட்டியவர் முந்தைய இரவு தூங்காமல் கிளம்பியவர். ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முன்னறிவிப்பில்லாமல் தூக்கம் யாரையும் தள்ளிவிடுவதில்லை, அறிகுறியைப் பார்த்தும் ஓட்டுவது ஆபத்தான செயல் என்பதே அரசுத் தரப்பு வாதத்தின் அடிப்படை. அந்த வாதம் எனக்குச் சரி என்றே படுகிறது. ஆனால் தன் ஜீப்பைத் தானே ஓட்டிப்போன மனிதருக்கும், காலை ஏழு மணிக்குள் பெட்டி வந்து சேராவிட்டால் அடுத்த டிரிப் கிடைக்காது என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்கும் ஒரே தராசு போதாது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நடப்பில் இருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு. நெடுந்தூர வண்டிக்குப் பத்து மணி நேரம் வரை போகலாம் என்றது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவும் அதையே சுட்டியது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்தியாக வேண்டும். அங்கே வண்டிக்குள் இருக்கும் டேக்கோகிராஃப் என்ற பதிவுக்கருவி அதைக் குறித்துவைக்கிறது. அந்த ஐரோப்பாவுக்குத்தான் ஆம்பூர் ஷூ போகிறது. வாங்கும் கம்பெனிகள் தணிக்கையாளர்களை அனுப்பி ஆலைக்குள் ஓவர்டைம் எத்தனை மணி, கழிப்பறை எத்தனை, அவசர வழி பூட்டாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவைதான். அதே ஷூவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற கேள்வியும் அந்தத் தாளில் ஒரு வரியாக ஏற வேண்டும். வாங்குபவர் கேட்டால் ஆலை கேட்கும், ஆலை கேட்டால் டிரான்ஸ்போர்ட் முதலாளி கேட்பார்.

ஆம்பூருக்குத் திரும்பியபோது பிரியாணிக் கடைகள் முன்னால் கர்நாடகா வண்டிகளும் சென்னை வண்டிகளும் வரிசை கட்டி நின்றன. சீரகச் சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயம். சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகள் பின்சீட்டில் ஏறிச் சாய்ந்தார்கள். மணி இரண்டு. உடம்பின் கடிகாரம் ஒரு நாளில் இரண்டு முறை இறங்கும். பின்னிரவு இரண்டிலிருந்து ஆறு வரை ஒன்று. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொன்று, அது சாப்பிடாவிட்டாலும் வரும். வயிறு நிறைந்தால் கூடுதலாக வரும். ஆக, பகலில் போகும் குடும்பங்களும் இந்த நடுவழி ஊர்களில்தான் அந்தப் பள்ளத்தில் இறங்குகின்றன. முன்சீட்டில் உட்கார்ந்தவர் தூங்கக் கூடாது, ஓட்டுபவருக்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல வழக்கம்தான். ஓட்டுபவர் பதில் சொல்லத் தாமதிக்கிறாரா, சொன்னதையே திரும்பக் கேட்கிறாரா என்று கவனித்து, 'நிறுத்துங்க, இருபது நிமிஷம் படுங்க' என்று சொல்லும் தைரியமும் அவருக்கு வேண்டும். சளிக்குப் போட்ட மாத்திரை தூக்கம் தருமா என்று கிளம்பும் முன் மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியவர் ஆக மாட்டார். அவருக்கு மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

நாலு மணிக்குக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். பெட்டிக்கு சீல் வைத்துக்கொண்டிருந்தார்கள். குடியாத்தத்துக்காரர் காலையில் மூன்று மணி நேரம், லோடு ஏறும்போது ஒன்றரை மணி நேரம் தூங்கியதாகச் சொன்னார். முகம் கழுவி, தலை வாரி, வேறு ஆளாக இருந்தார். டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ராத்திரிக்குள் துறைமுக வரிசையில் வண்டி நிற்க வேண்டும் என்றது குரல். அவர் சரக்குப் பயணத்துக்கான சீட்டை, இ-வே பில்லை, எடுத்து என்னிடம் நீட்டினார். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. ஆம்பூரிலிருந்து துறைமுகம் அதற்குள் அடங்கும். மறுநாள் நள்ளிரவு வரை அந்தத் தாள் செல்லும். கப்பலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"சார், இப்ப கிளம்பினா பத்து மணிக்குப் போயிடுவேன். ஆனா அங்க வரிசையில ராத்திரி பூரா நிக்கணும். நான் வீட்டுக்குப் போயி படுத்துட்டு விடிகாலை அஞ்சுக்கு எடுக்கிறேன்" என்றார் போனில். எதிர்முனையில் குரல் உயர்ந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார். பிறகு கேட் காவலரிடம், வண்டியை இரவு உள்ளே விட அனுமதி உண்டா என்று கேட்டார். காவலர் மேனேஜரிடம் கேட்டு வந்து, ஷெட்டுக்குப் பக்கத்தில் விட்டுக்கொள்ளச் சொன்னார். குடியாத்தம் பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார்.